மோசல் மடிப்புகளில்: ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை சைக்கிளில்

வியாழன்: ட்ரியர்

ஜெர்மனியின் ட்ரியரிலிருந்து கோப்லென்ஸுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். நேர்கோடு போட்டால் நூறு கிலோமீட்டர்கூட வராது. மோசல் ஆறு அதே இரண்டு ஊர்களுக்கு நடுவில் 190 கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறது, புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு ஊர், ஊருக்குப் பின்னால் செங்குத்தான மலை, மலை முழுக்கத் திராட்சை. கார் கிடையாது, டாக்ஸிகூடக் கிடையாது, சைக்கிளும் ரயிலும் மட்டும் என்று முடிவு செய்து கிளம்பியிருக்கிறோம்.

கூட வருகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் நடுவில் ஜெர்மனிக்கு வந்து டோர்ட்முண்டில் குடும்பத்தோடு நிலைத்தவர். எனக்கு அண்ணை. என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் மேடு வந்தால் என்னைத் தாண்டிப் போய்விடுவார். அவருடையது பேட்டரி சைக்கிள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டாம். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு, சனி ஞாயிறில் நாள் முழுக்க. இடம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். இன்று கிடைத்தது.

ட்ரியரில் எல்லோரும் முதலில் போவது போர்ட்டா நிக்ரா, ரோமானியர் சுமார் 170ஆம் ஆண்டில் கட்டிய நகர வாசல். சாந்து பூசாமல், மணற்கற்களை இரும்புக் கொக்கி போட்டு இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். இடைக்காலத்தில் இரும்புக்கு ஆசைப்பட்டுக் கொக்கிகளைப் பெயர்த்து எடுத்த குழிகள் சுவர் முழுக்க இருக்கின்றன, விரலை விட்டுப் பார்க்கலாம். மிச்சம் தப்பியது சிமியோன் என்ற கிரேக்கத் துறவியால். பதினோராம் நூற்றாண்டில் அவர் இதற்குள் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்து இறந்தார். அதன்மேல் தேவாலயம் எழுந்தது. தேவாலயத்தை யார் இடிப்பார்கள்? பிறகு நெப்போலியன் வந்து, தேவாலயத்தை எடுத்துவிட்டு ரோமானிய வாசலை மட்டும் வையுங்கள் என்று உத்தரவு போட்டார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மாநில அருங்காட்சியகத்தில் இருக்கும் கல் படகு. நொய்மாகென் என்ற ஊரில் 1878இல் கிடைத்தது. ஒயின் வியாபாரி ஒருவருடைய கல்லறைமேல் இருந்தது என்கிறார்கள். 220ஆம் ஆண்டு வாக்கில் செதுக்கியது. பீப்பாய்கள், துடுப்புகள், துடுப்பு போடும் ஆட்கள். அவர்களில் ஒருவன் முகத்தில் தெளிவான சிரிப்பு. மற்றவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

மார்க்ஸ் பிறந்ததும் இந்த ஊரில்தான், 1818 மே 5. சீனா 2018இல் பரிசாகக் கொடுத்த சிலை, பீடத்தோடு ஐந்தரை மீட்டர், போர்ட்டா நிக்ராவுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அதன் காலடியில் செல்ஃபி எடுக்க வரிசை. இந்தப் பயணத்துக்குத் தேவையானது சிலையில் இல்லாத இளம் மார்க்ஸ். அவருடைய அப்பாவுக்குப் பக்கத்து ரூவர் பள்ளத்தாக்கில், மெர்டெஸ்டோர்ஃபில் திராட்சைத் தோட்டம் இருந்தது. 24 வயதில் கொலோனில் பத்திரிகை ஆசிரியராக இருந்தபோது, 1843 ஜனவரியில், மோசல் ஒயின் விவசாயிகளின் கஷ்டத்தைப் பற்றி மார்க்ஸ் தொடர்ந்து எழுதினார். விஷயம் இதுதான்: பிரஷ்ய அரசு சுங்கவரி போட்டு வெளி ஒயினைத் தடுத்து வைத்திருந்த காலத்தில் எல்லோரும் மலையெல்லாம் கொடி நட்டார்கள். 1834இல் சுங்க ஒன்றியம் வந்தது, தெற்கு ஜெர்மனியின் ஒயின் வரியில்லாமல் உள்ளே வந்தது, விலை விழுந்தது. மலையில் கடன்தான் விளைந்தது. எழுதிய பத்திரிகை அந்த வருஷம் மார்ச்சோடு தடை. தன்னைப் பொருளாதாரத்தின் பக்கம் முதலில் தள்ளிய விஷயங்களில் மோசல் விவசாயிகளின் நிலையும் ஒன்று என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இரவு ரோமானியப் பாலம் வரை நடை. அதன் தூண்கள் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மேலே நகரப் பேருந்து போய்க்கொண்டிருக்கிறது.

வெள்ளி: ட்ரியர் – பீஸ்போர்ட்

கரையோரமாக ஆற்றுக்கான கிலோமீட்டர் பலகைகள் நட்டிருக்கிறார்கள். கப்பல்களுக்காக வைத்தது, கோப்லென்ஸில் ஆறு ரைனில் சேரும் இடம்தான் பூஜ்யம். நாங்கள் கிளம்பியபோது 191. எண் குறையக் குறைய மனசுக்கு ஒரு சுகம். மலையேற்றத்தில் கிடைக்காத சுகம். பாதை தட்டை. கியர் மாற்றவே தேவையில்லை.

ஷ்வைக் தாண்டும் வரை நகரத்தின் வால்தான்: கிடங்குகள், நெடுஞ்சாலைப் பாலம். அதற்கப்புறம் மலை கிட்டே வருகிறது. தெற்குப் பார்த்த பக்கமெல்லாம் திராட்சை, வடக்குப் பார்த்த பக்கமெல்லாம் காடு. ஆறு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் திராட்சையும் காடும் கரை மாறிக்கொள்கின்றன. வெயில் எங்கே விழுகிறதோ அங்கே கொடி, அவ்வளவுதான் கணக்கு.

டெட்செம் மதகில் நின்று ஒரு சரக்குக் கப்பல் இறங்குவதைப் பார்த்தோம். ஒன்பது மீட்டர் இறக்கம். கப்பல் தொட்டிக்குள் நுழைகிறது, கதவு மூடுகிறது, தண்ணீர் வடிகிறது, கப்பல் மெல்லச் சுவருக்குக் கீழே காணாமல் போகிறது. ஜெர்மனியும் பிரான்சும் லக்சம்பர்க்கும் 1956இல் ஒப்பந்தம் போட்டு, 1964இல் வேலை முடித்த திட்டம் இது. பிரான்சின் லொரேன் இரும்பு ஆலைகளுக்கு நிலக்கரி போக வேண்டும் என்பது அன்றைய தேவை. ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவில் மட்டும் பத்து மதகுகள். அதனால் மோசல் இன்று பத்து ஏரிகளின் வரிசை. நான் கொஞ்சம் வேகமாக மிதித்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது: “தம்பி, ஆறே ஓடேல்லை. நீர் ஏன் ஓடுறீர்?”

நொய்மாகெனில் நேற்றுப் பார்த்த கல் படகைப் பார்த்து மரத்தில் செய்த படகு துறையில் மிதக்கிறது, 2007இல் கட்டியது. துடுப்பும் உண்டு, மோட்டாரும் உண்டு. ஏறவில்லை.

பீஸ்போர்ட்டில் ஒரு ஒயின் விவசாயி வீட்டில் அறை. ஊரின் எதிர்க்கரையில் நின்று பார்த்தால் மலை ஓர் அரைவட்ட அரங்கமாக நிற்கிறது. அடிவாரத்தில் 1985இல் தோண்டியபோது நான்காம் நூற்றாண்டு ரோமானியர் திராட்சை பிழிந்த கூடம் கிடைத்தது. மிதிக்கும் தொட்டி, சாறு விழும் தொட்டி எல்லாம் அப்படியே.

மாலையில் வீட்டுக்கார அம்மா தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். தூரத்தில் அழகாகத் தெரிந்த மலை கிட்டே போனால் வேறு மாதிரி இருக்கிறது. தரை மண்ணே இல்லை. உடைந்த சிலேட்டுக் கல். நாம் பள்ளிக்கூடத்தில் பலப்பத்தால் எழுதினோமே, அதே கல். காலை வைத்தால் சரசரவென்று சரிகிறது. பகல் வெயிலை வாங்கி இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுப்பது இந்தக் கல்தான் என்றார். மாலை ஆறரைக்குக் கையை வைத்துப் பார்த்தேன், நல்ல சூடு. கம்பிப் பந்தல் இல்லை. ஒரு கொடிக்கு ஒரு கம்பு. இரண்டு கிளைகளை இரு பக்கமும் வளைத்து இறக்கிக் கம்பின் அடியில் கட்டுகிறார்கள். பார்த்தால் இதய வடிவம். அழகுக்காக இல்லை. கம்பி இழுத்தால் மலையின் குறுக்கே நடக்க முடியாது. தனிக் கம்பு என்றால் எந்தப் பக்கமும் போகலாம், பிடித்துக்கொள்ளவும் ஆகும்.

சரிவில் மேலே போக ஒற்றைத் தண்டவாளம். கீழ்ப்பக்கம் பல் வைத்த இரும்புக் குழாய், அதன்மேல் சின்ன பெட்ரோல் இன்ஜின், ஓர் ஆள் உட்கார இருக்கை, பின்னால் பெட்டி வைக்க ஒரு தட்டு. “உட்காருகிறீர்களா?” என்று கேட்டார். அண்ணை உடனே உட்கார்ந்தார். இன்ஜின் தட்டத் தட்ட, முகம் வானத்தைப் பார்த்தபடி, ஓட்டுகிறவரைப் பின்னால் வைத்துக்கொண்டு மேலே போனார். திரும்பி வந்து, “நல்லாத்தான் இருக்கு. எங்கடை காலத்திலை எனக்கு உது கிடைக்கேல்லை,” என்றார். என்ன காலம் என்று கேட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று சாப்பிடப் போய்விட்டார்.

அந்த அம்மாவிடம் இன்னொன்று கேட்டேன்: மேலே உச்சியில் ஏன் முள்ளும் புதருமாக இருக்கிறது? “அது என் மாமனார் தோட்டம்,” என்றார். ஏற ஆள் இல்லை, விட்டுவிட்டார்கள். தட்டை நிலத்தில் இயந்திரம் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் வேலையை இங்கே கையால் செய்ய வேண்டும், செலவு பல மடங்கு, கடையில் விலை மட்டும் அதே விலை. மோசல் பகுதி முழுக்க, தொண்ணூறுகளில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சை இப்போது 9,000க்கும் கீழே. இனி வழியெல்லாம் அந்தப் புதர்கள் என் கண்ணில் படும்.

சனி: பீஸ்போர்ட் – டிராபன்-டிரார்பாக்

காலை மூடுபனி. பத்து மணிக்குத்தான் எதிர்க்கரை தெரிந்தது. ப்ராவ்னெபெர்க், லீசர் எல்லாம் மேகத்துக்குள் கடந்து போயின.

பெர்ன்காஸ்டெல் சந்தைச் சதுக்கம் அஞ்சலட்டை அழகு. மரச்சட்ட வீடுகள், 1606ஆம் ஆண்டு ஊற்று, 1416இல் கட்டிய ஒரு கூர்க்கூரை வீடு. அடித்தளம் ஒல்லி, மேல்மாடி இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடக்க இடமில்லாத கூட்டம். ஒரு காபிக்கு இருபது நிமிஷம் காத்திருந்து, வராமல், எழுந்துவிட்டோம்.

பாலம் தாண்டி எதிர்ப்பக்கம் கூஸ். அங்கே கூட்டமே இல்லை. எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த இடம் இங்கேதான். படகுக்காரர் மகனாகப் பிறந்து கார்டினல் ஆன நிக்கோலாஸ், 1401இல் பிறந்தவர், கணிதமும் தத்துவமும் எழுதியவர், தன் ஊரில் 1458இல் ஏழை முதியவர்களுக்கு ஓர் இல்லம் ஏற்படுத்தினார். முப்பத்து மூன்று பேருக்கு இடம், ஏசுவின் வயது. அது இன்னும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. செலவுக்கு அவர் எழுதிவைத்த சொத்தில் திராட்சைத் தோட்டம் உண்டு. இல்லத்தின் பெயரில் இன்றும் ஒயின் வருகிறது. அவர் உடல் ரோமில். இதயத்தை மட்டும் இங்கே தேவாலயத்தில் புதைத்திருக்கிறார்கள். முற்றத்தின் சுற்றுத் தாழ்வாரத்தில் ஒரு தாத்தா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சுற்றுலாப் பயணிகள் அவருக்கு வழிவிட்டோம், அவர் வீடு அல்லவா.

வேலென் தாண்டும்போது எதிர்மலையில் திராட்சை நடுவே வெள்ளையாக ஒரு பெரிய சூரியக் கடிகாரம். 1842இல் ஒரு தோட்டக்காரர் பாறையில் அமைத்தது. மலையில் வேலை செய்கிறவர்களுக்கு மணி தெரிய வேண்டும் என்பதற்காக. இன்று இந்தத் தோட்டத்தின் பெயர் போட்ட பாட்டில் உலகம் முழுக்க நல்ல விலைக்குப் போகிறது.

ட்செல்டிங்கென் தாண்டியதும் தலைக்கு மேலே ஹோக்மோசல் பாலம். 1.7 கிலோமீட்டர் நீளம், சுமார் 160 மீட்டர் உயரம், 2019 நவம்பரில் திறந்தது. ஒயின் விவசாயிகளும் ஒயின் எழுத்தாளர்களும் வருஷக்கணக்கில் எதிர்த்தார்கள்: மலையின் தண்ணீர் ஓட்டம் கெடும், பார்வை கெடும் என்று. பார்வை கெட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழே நின்று பார்த்தால் ஒல்லியான கால்கள். சத்தம்கூடக் கீழே வருவதில்லை. இந்தச் சமவெளிப் பாதையில் உண்மையான தொல்லை ஆற்றை ஒட்டிப் போகும் பழைய நெடுஞ்சாலைதான். பல இடங்களில் சைக்கிள் பாதைக்கும் லாரிக்கும் நடுவில் ஓர் இரும்புத் தடுப்பு மட்டுமே. காரே இல்லாத பயணம் என்று விளம்பரப் புத்தகம் சொல்லும். நம்மிடம் கார் இல்லை, சாலையில் இருக்கிறது.

க்ரோவில் நின்று ஃபெடர்வைசர் வாங்கினோம். புளித்துக்கொண்டிருக்கும் புது ஒயின், கலங்கல், இனிப்பு, அறுவடை நேரத்தில் மட்டும் கிடைக்கும். உள்ளே வாயு வந்துகொண்டே இருப்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். கடைக்காரர் இரண்டு முறை சொன்னார். அண்ணை பாட்டிலைச் சைக்கிள் பையில் நிமிர்த்தி வைத்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தார். மாற்று உடையெல்லாம் இரவு அறையில் காய்கிறது.

பெர்ன்காஸ்டெலிலிருந்து டிராபன்-டிரார்பாக்குக்கு மலை மேல் நடந்தால் ஏழு கிலோமீட்டருக்குள். ஆற்றோடு வந்தால் இருபத்துநான்கு. 1900 வாக்கில் போர்டோவுக்கு அடுத்தபடி ஐரோப்பாவின் பெரிய ஒயின் சந்தை இந்தச் சின்ன ஊர். அந்தப் பணத்தில் பெர்லின் கட்டடக் கலைஞர் ப்ரூனோ மோரிங்கை வரவழைத்து மாளிகைகள், 1899இல் ஒரு பாலம். பாலம் 1945இல் போயிற்று. வாசல் கோபுரம் மட்டும் நிற்கிறது. தெருக்களுக்கு அடியில் பழைய ஒயின் நிலவறைகள். வாசலில் துடைப்பமோ இலை வளையமோ தொங்கினால் அங்கே விவசாயியே தன் ஒயினை விற்கிறார் என்று அர்த்தம். வருஷத்தில் நான்கு மாதம்தான் அனுமதி, நாற்பது இருக்கைக்கு மேல் கூடாது. அப்படி ஒரு இடத்தில் வெங்காய கேக். பன்றிக் கொழுப்பு போடாமல் கேட்டால் தருவார்கள்; முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஞாயிறு: டிராபன்-டிரார்பாக் – எல்லர்

ஜெர்மனியில் ஞாயிறு என்றால் கடை கிடையாது. பேக்கரி காலையில் கொஞ்ச நேரம், அதோடு சரி. அண்ணை வீட்டிலிருந்து கொண்டுவந்த இடிசம்பலும் பாண் ரொட்டியும் இன்றைக்குக் கைகொடுத்தன.

ப்யூண்டெரிக் எதிரே மலைச்சரிவில் ரயில்பாதை 92 வளைவுகள் மேல் போகிறது, 786 மீட்டர். அதற்குக் கீழே, திராட்சைப் பக்கம் திரும்பியிருந்த ஒரு பெஞ்சில் சாப்பிட்டோம். மலையில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர், கையில் வாளியும் சின்னக் கத்தரிக்கோலும். பேச்சு போலிஷ் மாதிரி கேட்டது. ஒருவர் மட்டும் முதுகில் உயரமான கூடையோடு வரிசைக்கு வரிசை போய் வாளிகளை வாங்கிக் கொட்டிக்கொள்கிறார்.

“உதுதான் என்ரை வேலை,” என்றார் அண்ணை. வேலை செய்ய அனுமதி கிடைத்த முதல் இலையுதிர் காலத்தில், யாரோ சொல்லி, இந்த ஆற்றங்கரைக்கு வந்தாராம். எந்த ஊர் என்று நினைவில்லை. ஊர் முழுக்க ஒரே மாதிரி தெரிந்தது என்கிறார். “ஏறேக்கை வெறுங்கூடை. இறங்கேக்கை நாப்பது கிலோ. ஏறுறது சுகம், இறங்குறதுதான் பயம். கல்லு சறுக்கினா நீரும் பழமும் ஆத்துக்குள்ளைதான்.” சாறு கூடையிலிருந்து ஒழுகி முதுகில் இறங்கும், குளவி சுற்றும். மாலையில் முதலாளி குடும்பத்தோடு ஒரே மேசையில் சாப்பாடு. “சாப்பாடு நல்லம். உறைப்புதான் இல்லை.” இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை. இப்போதும் சொல்லிவிட்டு, சம்பல் டப்பாவை மூடிப் பையில் வைத்து, “சரி, வெளிக்கிடுவம்,” என்றார்.

ட்செல்லில் கறுப்புப் பூனைச் சிலை, கறுப்புப் பூனை ஒயின், கறுப்புப் பூனைத் துண்டு, கறுப்புப் பூனைக் குடை. வேகமாகக் கடந்தோம். புல்லாயில் ரசிக்க வேண்டியது பாலம்: மேலே ரயில், கீழே சாலை. 1878இல் கட்டியது, இந்த மாதிரி இரட்டை அடுக்குப் பாலம் ஜெர்மனியில் இதுதான் முதல். போரில் விழுந்து 1947இல் மறுபடி நின்றது. கீழ்த்தளத்தில் சைக்கிளோடு போகும்போது தலைக்கு மேல் ரயில் வந்தால் பல்லெல்லாம் அதிர்கிறது.

நேஃப் தாண்டி ப்ரெம். ஆறு இங்கே குறுகலாகத் திரும்புகிறது. எதிரே வளைவின் உள்ளே ஸ்டூபென் கன்னிமாடத்தின் சுவர் மட்டும், மேலே கூரை இல்லை. தலைக்கு மேல் கால்மொண்ட். ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்கிறார்கள். சில இடங்களில் 65 டிகிரி வரை. ஒரு கட்டத்தில் பெரும்பகுதி கைவிடப்பட்டு, பிறகு சில விவசாயிகள் பிடிவாதமாகத் திரும்ப நட்டது. எல்லர் வரை மலையின் குறுக்கே இரும்பு ஏணி, கம்பிக் கயிறு பிடித்து நடக்கும் பாதை உண்டு. அண்ணை சைக்கிள்களுக்குக் காவல் இருந்தார், நான் பாதி வரை போய்த் திரும்பினேன். ஒரு கை கம்பியில். மறு கையால் ஒரு கொத்துத் திராட்சையைத் தொட்டுப் பார்த்தேன், பறிக்கவில்லை. சின்ன மணிகள், தோல் பொன்னிறமாகத் திரும்பி, வெயில் பட்ட பக்கம் பழுப்புப் புள்ளிகள். இந்தச் சரிவில் நின்று இதைப் பறிக்க இரண்டு கையும் வேண்டும்.

திங்கள்: எல்லர் – கார்டன்

எல்லரில் காலை ரயில் மலைக்குள் நுழைவதைப் பார்த்தோம். கைசர் வில்ஹெல்ம் சுரங்கம், 4,205 மீட்டர், 1879இல் திறந்தது. வெகுகாலம் ஜெர்மனியின் நீளமான ரயில் சுரங்கம். ரயில் ஐந்து நிமிஷத்தில் கொஹெம் போய்விடும். ஆற்றோடு போனால் இருபதுக்கும் மேல். நாங்கள் மதியம்தான் சேர்ந்தோம், ஏனென்றால் நடுவில் பைல்ஷ்டைன்.

எல்லென்ஸ்-போல்டெர்ஸ்டோர்ஃபில் நின்று பரிசலுக்குக் காத்திருந்தால், கம்பியில் ஓடும் படகு வந்து சைக்கிளோடு ஏற்றிக்கொள்கிறது. அக்கரையில் பைல்ஷ்டைன்: பாலம் இல்லை, இருபது முப்பது வீடு, படிக்கட்டுத் தெருக்கள், மேலே 1689இல் பிரெஞ்சுப் படை இடித்த மெட்டர்னிக் கோட்டை. பத்து மணிக்கு முன் போனால் ஊர் நம்முடையது. பதினொன்றுக்கு முதல் உல்லாசப் படகு வரும். கோட்டைக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஏறினால் காட்டோரத்தில் யூதர் இடுகாடு. அங்கே யாரும் வருவதில்லை. இந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். ஊரில் இன்று அவர்களில் யாரும் இல்லை.

படித்துறை வீடுகளின் சுவரில் வெள்ளக் கோடுகள். அவற்றில் ஒன்று 1993 டிசம்பர் கோடு. அண்ணை பக்கத்தில் நின்று கையை உயர்த்தினார், கை எட்டவில்லை.

கொஹெம் கோட்டை தூரத்தில் கதை மாதிரி நிற்கிறது. அசல் கோட்டை 1689இலேயே போயிற்று. இப்போது இருப்பது பெர்லின் இரும்பு வியாபாரி லூயி ரவெனே 1868இல் வாங்கித் தன் ரசனைக்குக் கட்டிக்கொண்டது. அதைவிட ருசியானது ஊருக்குள் வீடுகளுக்கு அடியில் இருக்கும் நிலவறை. பனிப்போர்க் காலத்தில் எதிரி கள்ள நோட்டு அடித்து நாட்டைக் கவிழ்த்தால் மாற்றிக் கொடுக்க என்று யூரோவுக்கு முந்தைய நாணயமான மார்க்கில் சுமார் 1,500 கோடிக்கு மாற்று நோட்டுகளை மத்திய வங்கி இங்கே ரகசியமாக அடுக்கி வைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

கொஹெமுக்குப் பிறகு பாதை சாலையோடு ஒட்டி வருகிறது, இந்தப் பயணத்தின் சலிப்பான பகுதி இதுதான். சிலேட்டுச் சில்லு குத்தி எனக்கு ஒரு பஞ்சர். கார்டனில் இரவு.

செவ்வாய்: கார்டன் – கோப்லென்ஸ்

காலையில் முதலில் மியூடென் மதகு. 2024 டிசம்பரில் ஒரு சரக்குக் கப்பல் இதன் கதவில் மோதி உடைத்து, எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மேல்பக்கம் மாட்டிக்கொண்டன. பிரான்ஸ், லக்சம்பர்க் போகும் ஆற்றுவழியே அடைபட்டது. புதுக் கதவு பளபளக்கிறது.

மோசெல்கெர்னில் சைக்கிள்களைப் பூட்டிவிட்டு, எல்ட்ஸ் ஓடையோரமாகக் காட்டுக்குள் ஒன்றேகால் மணி நேரம் நடந்தால் எல்ட்ஸ் கோட்டை. பேருந்துக் கூட்டம் மேலே வாகன நிறுத்தம் வழியாக வரும்; கீழே ஓடையோரம் வந்தால் மரங்களுக்கு நடுவில் கோட்டை திடீரென்று எதிரே நிற்கும். யாரும் இடிக்காத கோட்டை. 850 வருஷத்துக்கு மேல் ஒரே குடும்பம். பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கம் இருந்தது இதுதான். “அந்த நோட்டை நான் ரெண்டு தரம்தான் கையிலை பிடிச்சனான்,” என்றார் அண்ணை.

கடைசி நீளம் முழுக்கப் படிப்படியாக அடுக்கிய தோட்டங்கள். சாந்தில்லாமல் கல்மேல் கல் வைத்த சுவர்கள், அதற்கு நடுவில் சின்னச் சின்னத் துண்டுகளாகத் திராட்சை. வின்னிங்கெனில் ஒரு சுவர் சரிந்து கிடந்தது. இரண்டு பேர் கல்லைத் தேர்ந்தெடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்துகிற பக்கம் தெரிந்ததும் சுத்தியலால் ஒரு தட்டு. கால் மணி நேரம் நின்று பார்த்தேன். நான்கு கற்கள் ஏறின. தலைக்கு மேலே 136 மீட்டர் உயரத்தில் அதிவேக நெடுஞ்சாலைப் பாலம்.

கோப்லென்ஸில் ஆற்றுப் பலகை பூஜ்யத்தைத் தொடும் மூலையில் பேரரசர் வில்ஹெல்மின் குதிரைச் சிலை. 1897இல் வைத்தது, 1945இல் விழுந்தது, 1993இல் திரும்ப ஏற்றியது. இவ்வளவு பெரிய குதிரை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பத்து நிமிஷம் நின்று ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம்.

நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு: ட்ரியரைத் தனியாக ஒரு நாள் பாருங்கள், பிறகு ஆற்றோடு ஓட்டுவதை பெர்ன்காஸ்டெலிலிருந்து கொஹெம் வரை வைத்துக்கொள்ளுங்கள். பெர்ன்காஸ்டெலுக்கு ரயில் இல்லை. விட்லிக் வரை ரயில், அங்கிருந்து சைக்கிள். கொஹெமில் ரயில் ஏறிவிடலாம். அறுவடை நேரத்தில் அறை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒயினை சூப்பர் மார்க்கெட்டில் வாங்காமல் துடைப்பம் தொங்கும் வீட்டில் வாங்குங்கள். ஒரு பாட்டிலுக்கு மூன்று நான்கு யூரோ கூடுதலாக ஆகும், அது பெரும்பாலும் அந்தக் கூடையைச் சுமக்கிறவருக்கும் சுவரில் கல் வைக்கிறவருக்கும் போகிறது.

நாங்களும் வாங்கினோம். அண்ணை பையில் ஆறு பாட்டில் ரீஸ்லிங் ஒயின், எல்லாம் இறுக்கி மூடியது. கோப்லென்ஸ் ஸ்டேஷனில் லிஃப்ட் ஓடவில்லை. நடைமேடைப் படிகளில் அவருடைய பையையும் சேர்த்துத் தூக்கினேன். பின்னால் வந்தவர் சொன்னார்: “பாத்து தம்பி, இறங்கேக்கைதான் கவனம்.”